பச்சியப்பனை எனக்குத் தெரியும்

நான் கூட்டுறவுத் துறையில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுவதிலும் என் மீது விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணைகூட வழங்கப்பட்டதில்லை. பென்னாகரம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து சேலம் சென்று கல்லூரியில் பயின்று பி.காம். பட்டம் பெற்ற முதல் ஆள் நான். இன்றும் பாகப் பிரிவினை என்றாலும் வரப்புத் தகராறு என்றாலும் இரு தரப்பாரும் என் முன்தான் வந்து அமர்கிறார்கள். இரு பக்கமும் கேட்ட பிறகே பேசுவேன்; பேசிய பிறகு மாற்றிப் பேசுவதில்லை. இவற்றைப் பெருமைக்காக எழுதவில்லை. சென்ற ஆண்டு எனக்கு வந்த ஒரு நோயின் காரணமாக என்னைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று எங்கள் ஊரில், மற்றொன்று பொம்மிடியில். இரண்டையும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கை நடுக்கம் குறைவாக இருக்கும் நாட்களில் அமர்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதுபவன் எப்படிப்பட்டவன் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நோய்க்கு முந்தைய நிலவரம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் மனைவி மாதம்மாளுக்கு ஒரே தம்பி, பச்சியப்பன். பொம்மிடி ரயில் நிலையத்துக்கு அருகே சிமெண்டும் கம்பியும் விற்கிறார். நோய் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் புது வீடு கட்டிக் குடிபுகப் பத்திரிகை அடித்தபோது, என் பெயரைப் பட்டமும் இல்லாமல் பதவியும் இல்லாமல் வெறும் பெயராக, அதுவும் உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவரின் பெயருக்குக் கீழே அச்சிட்டிருந்தார். அக்காவின் கணவனுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்பதை அச்சில் ஏற்றி ஊர் ஊராகக் கொடுத்த பிறகு அதில் பேச என்ன இருக்கிறது? நான் போகவில்லை. மாதம்மாளும் போகவில்லை. போகாதே என்று நான் சொன்னதில்லை. நான் போகாத வீட்டுக்கு அவள் போனால் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு முறை கேட்டேன், அவ்வளவுதான். அதன் பிறகு அவளும் கேட்கவில்லை. பேச்சு வார்த்தை நின்றவரின் பெயரை வாயில் எடுப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் பெயரை நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

இனி நோய். அரூரில் ஒரு திருமணத்துக்குப் போய் வந்த பிறகு தொண்டை கட்டியது, இருமல் வந்தது, உடம்பு கொதித்தது. வீட்டில் பேரப் பிள்ளைகள் முதல் எல்லோருக்கும் வந்து போன சளிக் காய்ச்சல்தான். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். காய்ச்சல் சற்றுத் தணிந்தது போல் இருந்து, பிறகு என் நடவடிக்கை மாறியிருக்கிறது. சட்டையை உள்பக்கம் வெளியாக அணிந்துகொண்டு, அலுவலக ஜீப் வந்துவிட்டதா என்று மருமகள் கலைச்செல்வியிடம் திரும்பத் திரும்பக் கேட்டேனாம். வீட்டில் சிரித்திருக்கிறார்கள். இதைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். காய்ச்சல் கண்டவர் பொருந்தாமல் பேசத் தொடங்கினால் அது சிரிக்கும் செய்தி அன்று. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய செய்தி.

எங்கள் வீட்டில் அதற்கு மாறாக என்ன செய்தார்கள் என்பதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். மறுநாள் காலை நடந்தவை எதுவும் என் நினைவில் இல்லை. மனைவி, மகன் சிவக்குமார், கலைச்செல்வி, கோயில் பூசாரி ஆகியோரைப் பின்னர் தனித்தனியே அழைத்து விசாரித்தேன். துறையில் பல முறை விசாரணை அதிகாரியாக இருந்தவனுக்கு இது புதிதன்று. எல்லோர் வாக்கிலும் ஒத்துவந்ததை மட்டும் இங்கே தருகிறேன்.

அது ஆடி மாதம். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்காகக் காப்புக் கட்டியிருந்தார்கள். கட்டிலில் கிடந்த நான் எழுந்து, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலில் போய் நின்றேனாம். உடம்பு நடுங்கியது, கண் மேலே செருகியது, குரல் உயர்ந்தது. மூளை வீங்கத் தொடங்கியவனுக்கு இவை எல்லாம் வரும் என்று பின்னர் மருத்துவர் சொன்னார். எங்கள் தெருவில் இவற்றுக்கு வேறொரு பெயர் உண்டு. சாமி வந்துவிட்டது என்று சொல்லி, மஞ்சள் தண்ணீரை என் தலையில் ஊற்றிக் கையில் வேப்பிலையைக் கொடுத்துவிட்டார்கள். கலைச்செல்வி மட்டும் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "காச்சல் ஏறிப்போச்சுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் போலாங்க" என்றிருக்கிறாள். சாமி மேல கை வெக்காத என்று அவளை விலக்கியிருக்கிறார்கள். ஓசூரில் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் என் மகனும் அங்கேதான் கைகட்டி நின்றிருக்கிறான்.

அருள் வந்தால் வந்திருப்பது யார் என்று முதலில் கேட்பது முறை. பூசாரி கேட்டிருக்கிறார்.

"தாயே, வந்திருக்கறது யாருன்னு சொல்லிடும்மா."

"நான்தான்டா. யாருன்னு தெரியலயா?" என்றேனாம்.

சொந்த வாசலில் வைத்து யார் என்று கேட்டால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கூட்டம் அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டது. ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டால் தண்ணீர் வருமா என்று கேட்டதற்கு, விண்ணப்பத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னேனாம். அதற்குப் பிறகும் வந்திருப்பது மாரியம்மன்தான் என்பதில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை.

அப்போதுதான் மாதம்மாள் முன்னால் வந்திருக்கிறாள். நாற்பது ஆண்டுக்கு மேல் என்னோடு குடும்பம் நடத்தியவள், என் முகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"என் தம்பி வூட்டுக்கு நான் ஒரு தரம் போவலாமா தாயே?"

"போ. போயிட்டு வா. உன்னை யாரு தடுத்தது?"

அதைச் சொன்னதும் என் வாய் ஒரு பக்கமாக இழுத்தது, இடக்கை வெட்டி வெட்டி இழுத்தது, நான் விழுந்தேன். வலிப்பு. சாமி மலையேறிவிட்டது என்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு ஆம்புலன்சை வரவழைத்தவள் கலைச்செல்வி.

தர்மபுரியில் வலிப்புக்கு ஊசி போட்டு, அங்கிருந்து சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நோயின் பெயர் மூளையழற்சி. சளிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி பெரும்பாலும் தொண்டையோடும் நுரையீரலோடும் நின்றுவிடும். மிகச் சிலருக்கு மட்டும், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவலே அளவு மீறிப் போய் மூளையையும் தாக்கி வீங்கச் செய்துவிடுகிறது. அந்த மிகச் சிலரில் ஒருவனாக நான் இருந்தேன். தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சளி எடுத்தார்கள். அதில் கிருமியின் வகை தெரிந்தது. முதுகெலும்பின் இடையில் ஊசி செலுத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரை எடுத்தார்கள். அதில் அழற்சி தெரிந்தது. தலை முழுக்க ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடுகளாக எடுத்தார்கள். வலிப்பு வெளியே தெரியாமல் உள்ளே தொடர்கிறதா என்று பார்ப்பதற்கு. முதுகில் ஊசி போட்டபோது எனக்கு அரைகுறை நினைவு வந்திருக்க வேண்டும். முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடக்கிச் சுருண்டு அசையாமல் கிடக்க வேண்டும். யாரோ ஒருவர் என் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிப் பிடித்திருந்தார். அந்தக் கையில் சிமெண்ட் வாடை அடித்தது. வேறெதுவும் நினைவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஒரே வெளிச்சம். நான் அலுவலகத்தில் இருப்பதாகவும், தணிக்கை நடப்பதாகவும், செவிலியர்கள் பதிவேடுகளை ஒளித்துவைத்திருப்பதாகவும் எண்ணிச் சத்தம் போட்டிருக்கிறேன். கையைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டு, என்னை அடக்க வீட்டு ஆள் ஒருவர் அருகே இருக்கவும் விட்டிருந்தார்கள். செவிலியர்கள் எல்லோரும் என்னைத் தாத்தா என்றே அழைத்தார்கள். நினைவு தெளிந்ததும் நான் செய்த முதல் காரியம், சார் என்று கூப்பிடலாம் என்று சொன்னது. சரிங்க தாத்தா என்றாள் அந்தப் பெண்.

இரண்டாவது காரியம், கட்டிலுக்கு அருகே நாற்காலியில் யார் என்று பார்த்தது. பச்சியப்பன். வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். முதலில் இதுவும் நோயின் மயக்கம் என்று எண்ணிக் கண்ணை மூடித் திறந்தேன். அவர் போகவில்லை. மருத்துவமனை வாசலில் இறங்கியதுமே மாதம்மாள் தம்பிக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். சாமியே சொல்லிவிட்ட பிறகு யாரைக் கேட்க வேண்டும்? அவர் கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு வந்து, அன்று முதல் வீட்டுக்கே திரும்பவில்லை. சிவக்குமாருக்கு விடுப்பு நீட்டிக்கப்படவில்லை. காப்பீட்டுத் தாள்களோடு ஒவ்வொரு சன்னலாக நின்றதும், மருந்துக் கடைக்கு ஓடியதும், காத்திருக்கும் கூடத்தில் என் மனைவிக்குச் சாப்பாடு வாங்கித் தந்ததும் அவர்தான். இவை எல்லாம் எனக்குப் பின்னால் தெரியவந்தவை. அப்போது தெரிந்ததெல்லாம், நான் கட்டிலில் கட்டுண்டு கிடக்கும் நேரம் பார்த்து அவர் உள்ளே வந்துவிட்டார் என்பதுதான்.

நரம்பியல் மருத்துவர் இளம் பெண்மணி, மரியாதை தெரிந்தவர். தெளிவு வந்துவிட்டதா என்று சோதிக்கக் கேள்விகள் கேட்டார். என்ன மாதம், எந்த ஊர், நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்? சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார். நடுவில் போதும் என்றார். தொடங்கிய கணக்கைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு வரை வந்து, இதற்கு மேல் ஏழு போகாது என்று சொல்லி நிறுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார்.

"இவங்க யாருன்னு சொல்லுங்க ஐயா."

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மறுபடி கேட்டார். அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னேன். எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்குக்கூட இதன் பொருள் விளங்கும். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் படித்து வந்தவர். ஏதோ குறித்துக்கொண்டார்.

அதன் விளைவு என்ன தெரியுமா? மறுநாள் என்னைப் பொது வார்டுக்கு மாற்றுவதாக இருந்ததை நிறுத்திவிட்டார்கள். மறுபடி தலையில் ஒயர் ஒட்டினார்கள். மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: குழாய்க்குள் தள்ளிவிட்டு, காதுக்கு அருகே தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசையை எழுப்புவார்கள், காந்தத்தைக் கொண்டு மூளையைப் படம் பிடிக்கும் பொறி அது. அசையக் கூடாது, இருமக் கூடாது. எனக்கோ இருமல் நிற்கவில்லை. ஒரு பத்திரிகையில் பெயரைத் தவறாக அச்சிட்ட மனிதருக்காக நான் இரண்டாம் முறை அந்தக் குழாய்க்குள் கிடந்தேன்.

திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் விட்டதும், உறங்குவதாக எண்ணி என் தலைமாட்டிலேயே பேசினார்கள். நினைவைக் காக்கும் பகுதி காதுக்கு மேலே பக்கவாட்டில் இருக்கிறது, அங்கே வீக்கம் இருந்தால் சில ஆட்களைப் பற்றிய நினைவு மட்டும் அழிந்துபோவதுண்டு என்று மருத்துவர் விளக்கினார். மாதம்மாள் கேட்டாள்.

"இவன மட்டும் மறந்துட்டாருங்களா டாக்டர்?"

"அப்படித்தாம்மா தெரியுது."

"பழைய சண்டை சச்சரவு எல்லாம் சேத்து மறந்திருக்குமுங்களா?"

"இருக்கலாம்மா. கவலைப்படாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வந்துடும். சில பேருக்கு வராமலும் போகலாம்."

மாதம்மாள் என் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். பிறகு, "வராட்டிப் பரவால்லைங்க" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மருத்துவருக்கு அது விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது.

அன்று முதல் பச்சியப்பனுக்குத் துணிச்சல் பிறந்துவிட்டது. என் தாடையில் சோப்பைக் குழைத்து முகம் மழித்துக்கொண்டே, "நான் பொம்மிடிங்க. சிமெண்ட் கடை வெச்சிருக்கேன். உங்க சம்சாரத்துக்குத் தம்பி. மறந்ததும் நல்லதுதான் மாமா, புதுசா ஆரம்பிக்கலாம்" என்றார். கத்தி கழுத்தில் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். உப்பில்லாத கஞ்சிக்கு உப்புப் போடச் சொல்லி உணவுக் கூடத்தில் சண்டை போட்டு வந்தார். நாளிதழை உரக்கப் படித்தார். வரிக்கு ஒரு பிழை. திருத்த வேண்டும் என்று நாக்கு துடித்தது. திருத்தினால் பேசியதாகிவிடும். கால் வலுவிழந்திருந்ததால் பயிற்சியாளர் நடக்கச் சொன்னபோது பிடித்துக்கொள்ள ஒரு தோள் தேவைப்பட்டது. அந்த அறையில் இருந்த தோள் அவருடையது. பிடித்தேன். அவர் கம்பி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

இதற்கிடையே ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் வாசலில் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. பெரியவருக்கு ஆளே அடையாளம் தெரியவில்லையாம், புத்தி போய்விட்டதாம். பாகப் பிரிவினைகளைத் தீர்த்துவைத்தவனைப் பற்றிய பேச்சு இது. அந்தச் சொல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் அதன் பிறகு என் வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஆகவே மருத்துவர் அடுத்த முறை வந்து நாற்காலியைக் காட்டியபோது, எழுந்து உட்கார வைக்கச் சொல்லி, உட்கார்ந்து, விடையளித்தேன்.

"இவர் என் மனைவி மாதம்மாளின் தம்பி, பச்சியப்பன். பொம்மிடியில் சிமெண்ட், கம்பி வியாபாரம். புது வீட்டுப் பத்திரிகையில் என் பி.காம். பட்டத்தையும் பதவியையும் விட்டுவிட்டு, கட்சிக்காரர் ஒருவரின் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டவர். ஆறு ஆண்டுகளாக இவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. மறதியும் இல்லை."

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். செவிலியர்கள் சிரித்தார்கள். பச்சியப்பனும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். பார்க்க வந்திருந்த கலைச்செல்விகூட முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். நான் தேறிவிட்டேன் என்று அறையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் புத்தி திரும்பியதில் மகிழ்ச்சி அடையாத முகம் அங்கே ஒன்றுதான் இருந்தது. அது மாதம்மாளுடையது. அவள் சன்னலோரம் போய், ஏற்கெனவே மடித்திருந்த என் துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

வார்டுக்கு மாற்றினார்கள். மருந்துகளைக் குறைத்தார்கள். வீக்கத்தைக் குறைக்கக் கொடுத்த மருந்தால் முகம் உப்பியிருந்தது. வலிப்பு மாத்திரையை நெடுநாள் தொடர வேண்டும் என்றார்கள். மாதம்மாள் வேளை தவறாமல் மருந்து கொடுத்தாள், கால் பிடித்துவிட்டாள். பேசவில்லை. தம்பியிடம், இனி நீ வூட்டுக்குப் போ, கடைய பாரு என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. நாற்காலி காலியாயிற்று. நான் நோயிலிருந்து மீண்டது அவளுக்குத்தான் இழப்பாக முடிந்திருந்தது. இதை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை, நான் எம்.ஆர்.ஐ. எடுத்துச் சரியாக இருப்பதாகச் சான்று பெற்றவன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிவக்குமார் வாடகை வண்டிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். பொம்மிடிக்காரரின் காரை வரச் சொல், அந்த வழியாகப் போகலாம் என்றேன். சுற்றுவழி அப்பா என்றான். தெரியும் என்றேன். மருந்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்த மாதம்மாள் நிமிர்ந்தாள்.

"உன் தம்பி வீட்டுல இறங்கிக்க. கொஞ்ச நாள் இருந்துட்டு வா" என்றேன்.

அவள் என் கண்ணை உற்றுப் பார்த்தாள். கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத யாருங்க சொல்றது?"

"நான்தான்."

பொம்மிடி வீட்டுக்குப் படிகள் அதிகம். தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். பச்சியப்பன் பாதிப் படியில் நின்று, "அது அச்சுக்காரன் பண்ண தப்பு மாமா" என்றார். நான் கேட்டேன்.

"அச்சாகறதுக்கு முன்னாடி பாத்துக் குடுத்தது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப அச்சுக்காரன ஏன் சொல்ற?"

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். உள்ளே போய்ச் சாப்பிட்டோம். சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது கை நடுக்கம் உண்டு. சில வேளைகளில் தெரிந்த சொல் நாவுக்கு வர மறுக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை, செவ்வாயும் வெள்ளியும் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் வந்து நிற்பவர்கள். கிணறு, வேலை, பிள்ளைப்பேறு என்று என்னிடம் வாக்குக் கேட்கிறார்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள் என்பதைத் தவிர என்னிடம் வேறு வாக்கு இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். மாதம்மாள் மாதத்துக்கு ஒரு முறை பொம்மிடிக்குப் போய் வருகிறாள். அதற்கு எங்கள் ஊரில் ஒரு காரணமும் பொம்மிடியில் ஒரு காரணமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

மாரியம்மன் என் மேல் வந்து உத்தரவு கொடுத்ததாக எங்கள் ஊரில் சொல்வது தவறு. அது மூளையழற்சி. காய்ச்சலில் பழையதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று என்று பொம்மிடியில் சொல்வதும் தவறு. பத்திரிகையில் என் பெயர் யாருக்குக் கீழே இருந்தது என்பது இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. மாதம்மாளைப் போகச் சொன்னது நான். காய்ச்சல் விட்ட பிறகு, மருத்துவமனை வார்டில், பட்டப்பகலில்.